கையெழுத்து வந்து போகும் நாள்

பட்டறை ஓடாத நாளில்தான் பட்டறைக்குள் இத்தனை சத்தம் இருப்பது சென்னியப்பனுக்குத் தெரியவரும். ஓடுகிற நாளில் ஒரே சத்தம், அது காதுக்குள் போய்க் குடியேறிவிடும், அப்புறம் அது சத்தமே இல்லை. இன்றைக்கு என்னடாவென்றால் கூரைத் தகரம் வெயிலுக்குச் சடக் சடக்கென்று நெளிகிறது, வாசலில் கட்டிய வாழைமரம் ஷட்டரில் உரசுகிறது, உடைத்த பூசணிக்காயைக் கொத்த வந்த காக்கா ரோட்டில் யாரையோ திட்டுகிறது. ஆயுத பூஜை முடிந்துவிட்டது. ஆட்கள் போனஸையும் பொரிப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். லேத்து, டிரில்லிங் மிஷின், கடனுக்கு வாங்கிய சி.என்.சி. மிஷின் எல்லாம் நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக, விருந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற சம்பந்திகள் மாதிரி சும்மா இருந்தன. அவனும் சும்மாதான் இருந்தான், ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சாமிக்கு எதிரே. சாமி என்றால் மூலைப் பெஞ்சின் மேல் அவன் பெண்டாட்டி கலாமணி காலையில் கட்டி எழுப்பிய கோபுரம். உச்சியில் சரஸ்வதி படமும் கலசமும், அதற்குக் கீழே மைக்ரோமீட்டர், வெர்னியர், கால்குலேட்டர், அதற்கும் கீழே பில் புக்கு, செக் புக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் பட்டுத்துணிக்குள் அவன் போனும் அவள் போனும். போனைச் சாமிக்கு வைப்பது சின்னவேடம்பட்டிப் பட்டறைகளில் எல்லாம் வழக்கமாகிவிட்டது. ஆர்டர் வருவது அதில், டிராயிங் வருவது அதில், காசு வருவதும் போவதும் அதில். அது ஆயுதம் இல்லையென்றால் வேறு எதுதான் ஆயுதம்? நாளைக் காலையில் மறுபூஜை போட்டு எடுக்கிறவரைக்கும் எதையும் தொடக்கூடாது. மற்ற வருஷங்களில் மதியத்துக்கு மேல் ஆளாளுக்கு நைசாக உருவிக் காதில் வைத்துக்கொள்வார்கள். இந்த வருஷம் அந்த ஜோலி ஆகாது. இந்த வருஷம் கலாமணியின் வேண்டுதல். மிஷின் கடன் கேஸ் நல்லபடியாக முடியவேண்டும் தாயே, இந்தப் பூஜைக்கு வைத்ததை வைத்த இடத்தைவிட்டு ஒரு விரல் அசைக்கமாட்டோம் என்று கோயில் தேர்முட்டியில் நின்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அரைமணி நேரத்துக்கு முன்னால்வரை சென்னியப்பனுக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வெல்டிங் பட்டறைக் குழந்தைவேல் அண்ணன் பொரி கொடுக்க வந்தார், வந்தவர் சும்மா போயிருக்கலாம். "ஏஞ்சென்னி, உம்பட மிஷின் தவணை அஞ்சாந்தேதி தானே? இன்னைக்குத்தானப்பா அஞ்சு?" என்றார். "இன்னைக்கும் நாளைக்கும் பேங்கு லீவுங்களேண்ணா. லீவு முடிஞ்சுதான் எடுப்பாங்க. நாளைக்குச் சாமி எடுத்தவொடனே இவ கணக்குல இருந்து என்ற கணக்குக்குத் தள்ளிவுட்டுருவனுங்க" என்றான் இவன், பொரியைக் கொறித்துக்கொண்டே, பெரிய கெட்டிக்காரன் மாதிரி. அவர் கை பொரிப் பையிலேயே நின்றுவிட்டது. "அடப் பாவி, எந்தக் காலத்துல இருக்கறே? செக்குக்குத்தான் லீவெல்லாம். கம்ப்யூட்டர் எடுக்கறதுக்கு லீவேது? போன தீபாவளிக்கு எனக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு இருக்கறப்ப எடுத்தாம்ப்பா. அதெல்லாம் மாத்தி எத்தனையோ நாளாச்சு" என்று சொல்லிவிட்டு, இவன் மூஞ்சி போன போக்கைப் பார்த்து, "காசு கெடக்குதுல்ல? அப்பறமென்ன?" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பட்டறைக்கு நடையைக் கட்டினார். வாயிலிருந்த பொரி அப்படியே வாயில் இருந்தது. மெல்லவும் இல்லை, முழுங்கவும் இல்லை. காசு கிடக்கிறது, ஆனால் இவன் கணக்கில் இல்லை. இவன் கணக்கில் போட்டால் பேங்குக்காரன் பழைய அபராதம், அந்தச் சார்ஜ் இந்தச் சார்ஜ் என்று கிள்ளிக்கொண்டே இருக்கிறான் என்று அவள் கணக்கில் வைத்திருந்து, தவணைக்கு முந்தின நாள் மட்டும் மாற்றிக்கொண்டிருந்தான். நேற்று மாற்றவில்லை. லீவுதானே என்று மாற்றவில்லை. முப்பது வருஷமாகச் செக்கு எழுதிப் பழகிய கைக்கு லீவு என்றால் மூச்சு விடுகிற நேரம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒருத்தன் செக்கைக் கொண்டுவந்து நீட்டினாலும் சிரிப்பு வரும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தச் சிரிப்பை நம்பியல்லவா மோசம் போனான். உடம்பில் ஊறின பழக்கம் ஒருத்தனை உள்ளே தூக்கிப் போடுமா என்றால், போடும் போலிருக்கிறதே.

எடுத்திருப்பானா இந்நேரம்? எவன் எடுப்பான்? காலையில் பூ வாங்கப் போகும்போது மிஷினுக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் ஆபீஸ் வழியாகத்தானே வண்டியை விட்டான். ஷட்டர் இழுத்துப் பூட்டியிருந்தது, பூட்டுக்குப் பொட்டு, மேலே மாவிலை, படியில் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. உள்ளே அவர்கள் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்துத் துணி போட்டு மூடித்தான் போயிருப்பார்கள். அங்கேயும் யாரும் இல்லை, பேங்கிலும் யாரும் இல்லை, இங்கேயும் போன் சாமிக்கு அடியில் கிடக்கிறது. அப்படியானால் வருகிறது யார்? வருகிறது தன் கையெழுத்து. வேறு யாருமில்லை. அந்த மிஷின் வாங்கின நாளில், ஏசி ரூமில், கழுத்துப்பட்டை கட்டிய பையன் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்ட, இங்கே சார், இங்கே சார் என்று போட்டுக்கொண்டே வந்தானே, அதில் ஒன்று, தவணையைக் கணக்கிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் தாராளமாக இருந்தது. சந்தோஷத்தில் அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளியும் வைத்தான். கலாமணிகூட, "ஏனுங்க, கலெக்டர் போடறாப்ல போடறீங்க" என்று சிரித்தாள். செக்கு என்றால் ஒவ்வொரு தடவையும் எழுதவேண்டும், எழுதுகிற கை நடுங்கும், தேதி போடும்போது ஒரு யோசனை வரும். இது அப்படியில்லை. ஒருநாள் போட்டதோடு சரி. அது மாசாமாசம் தானே எழுந்து, அவன் தூங்கினாலும் முழித்திருந்தாலும், காய்ச்சலில் கிடந்தாலும் கல்யாணத்துக்குப் போயிருந்தாலும், அஞ்சாந்தேதி பேங்குக்கு நடந்துபோய்க் கை நீட்டுகிறது. அவன் செத்தாலும் போகுமோ என்னவோ. அடேயப்பா! தன் கையால் ஒன்றைப் பெற்று ஊரில் விட்டிருக்கிறான், அதற்குத் தூக்கமில்லை, பசியில்லை, பண்டிகையில்லை. கோபம்கூட இல்லை. கந்துவட்டிக்காரன் வந்தால் கத்துவான், பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றிப் பேசுவான், காப்பி கொடுத்தால் கொஞ்சம் அடங்குவான். இது கத்துவதே இல்லை. காசு இருந்தால் எடுத்துக்கொண்டு போகும், இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போகும். அந்த ஒரு வரிதான் கேஸ்.

அந்த வரியை ரெண்டு மாசம் தொடர்ந்து வாங்கினான். பம்புக் கம்பெனிக்காரன் செய்து கொடுத்த வேலைக்குக் காசை இந்த வாரம் அடுத்த வாரம் என்று இழுத்தான், இவனும் இழுபட்டான். ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் வந்தபோது ஏதோ பயமுறுத்துகிறார்கள் என்று அலமாரி மேல் வைத்தான். அதில் சொன்ன பதினைந்து நாளும் அலமாரி மேலேயே கழிந்தது. வக்கீலம்மா அமிர்தவல்லி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நான் செக்கே குடுக்கலீங்களே" என்றான். "செக்குக் குடுத்துத் திரும்பினா ஒரு சட்டம். கம்ப்யூட்டர்ல எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு, எடுக்கறப்ப காசு இல்லாம திரும்பினா அதுக்கொரு சட்டம். தண்டனை ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க. ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம், இல்ல தொகையைப் போல ரெண்டு பங்கு அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம்" என்றார், மளிகை விலை சொல்கிற மாதிரி. அப்புறம் கோர்ட்டு. அடிதடி, திருட்டு என்று ஆட்கள் முரடாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனான். ஒருத்தர்கூட அப்படியில்லை. ஜவுளிக்கடைக்காரர், மாவு மில் வைத்திருக்கிற அம்மா, ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் மஞ்சப்பையோடு, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு இளவட்டம். வராந்தா கொள்ளாமல் ஜனம், அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டவர்கள், யாரையும் ஒரு அடி அடிக்காதவர்கள். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிடுவார்கள், கூப்பிட்ட ஆள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடுவார். மேடையில் இருந்த மாஜிஸ்திரேட்டு அம்மா சின்ன வயசு. கத்தவில்லை, முறைக்கவில்லை, ஒவ்வொரு கேஸ் கட்டையும் பிரித்து ஒரே கேள்விதான் கேட்டார்: கையெழுத்து உங்களுடையதுதானே? எல்லோரும் ஆமாங்க என்றார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் ஆமாங்க. அந்த ஆமாங்கவைக் கேட்டு நிற்கும்போது சென்னியப்பனுக்குக் கோயில் கருவறைக்கு முன்னால் நிற்கிற மாதிரி மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பெரிய ஊர், இத்தனை கடை, மில்லு, பட்டறை, எல்லாம் நின்றுகொண்டிருப்பது இந்த ஆமாங்க மேல்தானா? ஒருத்தன் போட்ட கோணல் மாணல் கோட்டை, முகம் தெரியாத இன்னொருத்தன் நம்பி இரும்பு கொடுக்கிறான், நூல் கொடுக்கிறான், இத்தனை பெரிய மிஷினையே லாரியில் ஏற்றி அனுப்புகிறான். அந்த நம்பிக்கைக்குக் காவலாகத்தான் அந்தச் சின்னப் பெண் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். சென்னியப்பனும் ஆமாங்க என்றான். பழைய பாக்கியைக் கட்டினான். பைனான்ஸ் கம்பெனி வக்கீல் கடைசியில் இறங்கிவந்து, இந்த மாசத் தவணை ஒன்று மட்டும் திரும்பாமல் போகட்டும், அடுத்த வாய்தாவில் கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றார். திரும்பினால் கேஸ் நடக்கும். அந்த வாய்தா இந்த வாரக் கடைசியில்தான் வருகிறது.

உர்ர்ர். சாமிக்கு அடியில் துணி நடுங்கியது. கலசத்துத் தண்ணீரில் ஒரு வளையம் எழுந்து ஓரத்தில் போய் முட்டியது, படத்துக் கண்ணாடியிலிருந்து குங்குமம் கொஞ்சம் உதிர்ந்தது. சென்னியப்பன் எழுந்தேவிட்டான். அவன் போனா, அவள் போனா? பேங்கா, இல்லை ஆயுத பூஜை வாழ்த்து என்று வாழைமரம் படம் போட்டு எவனாவது அனுப்பியிருக்கிறானா? அந்த ஒரு வரி வந்துவிட்டதா? கை தானாக நீண்டது, பட்டுத்துணி விளிம்புவரை போய் நின்றது. தொட்டால் சாமி சும்மா விடுமா, தொடாவிட்டால் சட்டம் சும்மா விடுமா. ஏ.டி.எம்.முக்கு ஓடலாமென்றால் கார்டும் செக் புக்கு அட்டைக்குள் அங்கேதான் கிடக்கிறது. கடனுக்குக் கேட்கலாமென்றால் பண்டிகையும் அதுவுமாக யாரிடம் போய் நிற்பது, யார் போன் கையில் இருக்கும், ஊர் முழுக்கப் போன் சாமியிடமல்லவா இருக்கிறது. கலாமணியிடம் சொல்லலாம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? தேர்முட்டியில் கண்ணை மூடி நின்றாளே, வெயிலில், வெறுங்காலோடு. அவள் வேண்டிக்கொண்டது எதற்காகவோ அதையே அந்த வேண்டுதல் கெடுக்கிறதே, இதென்ன கூத்து! ஒருவேளை இதுதான் சோதனையோ, தொடாமல் இருந்தால் சாமியே பார்த்துக்கொள்ளுமோ என்று படத்தைப் பார்த்தான். சரஸ்வதி வீணையில் கையை வைத்தபடி இவனைப் பார்த்தாளே ஒழிய ஒன்றும் சொல்லவில்லை. ஜெயிலில் காலையில் என்ன கொடுப்பார்கள்? கம்பிக்குள் உட்கார்ந்தால் இரும்பு வாசனை வருமா, இல்லை அது வேறே இரும்பா? லேத்து சத்தமில்லாமல் அங்கே தூக்கம் வருமா? எவனாவது கேட்டால் என்ன கேஸ் என்று சொல்வது, லீவு நாளென்று நினைத்தேன் என்றா? மிஷினைப் பார்த்தான். காலையில் அவன்தான் அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தான். அது பேசாமல் நின்றது. அதற்கும் அந்தக் கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நிற்கிறது பார், திருட்டு மிஷின். கை இன்னும் துணி விளிம்பிலேயே இருந்தது.

"என்னத்துக்கு இப்படி நிக்கறீங்க?" கலாமணி பின்வாசலில் நின்றிருந்தாள், சுண்டல் குண்டான் கையில். அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சொல்லக்கூடாது என்றுதான் வாயைத் திறந்தான், திறந்ததும் எல்லாம் வந்துவிட்டது. லீவு இல்லையாம், கம்ப்யூட்டருக்கு லீவு இல்லையாம், தீபாவளிக்கே எடுத்தார்களாம், நான் நேத்தே மாத்தியிருக்கணும், தப்புப் பண்ணிப்போட்டேன் கலா. குரல் கடைசியில் உடைந்துபோய், சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டது. அவள் குண்டானைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று தோளைக் குறுக்கினான். திட்டவில்லை. சாமியைப் பார்த்தாள், அடுக்கைப் பார்த்தாள், மறுபடி சாமியைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன ஓடுகிறதென்று கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவனுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை, இன்றைக்கும் பிடிபடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகினாள். "வேண்டுதல் வெச்சது நானுங்க. நீங்க தொடாதீங்க, தள்ளுங்க" என்றாள். முதலில் கலசத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தாள். படத்தை எடுத்து நெஞ்சோடு ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். "தாயே, கேஸு போகோணுமின்னுதான் வேண்டிக்கிட்டேன். தொடாம இருந்தா கேஸு வருமுன்னா அதுக்கு நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு. கோவிச்சுக்காதே, நாளைக்கு ஒரு கொடம் பால் ஊத்தறேன்" என்று, எதிர்வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலிலேயே சொன்னாள். மைக்ரோமீட்டர், வெர்னியர், கால்குலேட்டர், பில் புக்கு, செக் புக்கு. ஒவ்வொன்றாக அவள் இறக்க இறக்கச் சென்னியப்பனுக்கு அழுகை முட்டியது. கோபுரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள், அவனுக்காக, கை நடுங்காமல். கோர்ட்டுக்கு முன்னால் பயந்து நின்றான், சட்டத்துக்கு முன்னால் வாயடைத்து நின்றான், இவளுக்கு முன்னால் இத்தனை வருஷம் சும்மா நின்றிருக்கிறானே என்று வெட்கமாக இருந்தது.

நடுங்கினது அவள் போன்தான். அவள் அண்ணன் வீட்டிலிருந்து வாழ்த்து. அவன் போனில் பேங்கிலிருந்து ஒன்றும் வந்திருக்கவில்லை. இன்னும் வரவில்லை! தன் போனில் பேங்குச் செயலியைத் திறக்கப் பெருவிரல் வைத்தாள், சந்தன விரலை அது ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள், ஏற்கவில்லை. போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். மூன்றாந்தடவை திறந்தது. அவன் பெயரைத் தொட்டாள், தொகையை அடித்தாள், ஒரு சைபர் விட்டுப்போய் மறுபடி அடித்தாள், ஒரு சுற்றுச் சுற்றிப் பச்சை டிக்கு வந்தது. அவன் போனில் காசு ஏறிய சேதி டிங்கென்று விழுந்தது. இருவருமாகக் கோபுரத்தை மறுபடி கட்டினார்கள், இந்தத் தடவை அவனும் எடுத்துக் கொடுத்தான். அவள் போனைப் பழையபடி அடியில் வைத்தாள். அவன் போனை மட்டும் உச்சியில் கலசத்துக்குப் பக்கத்தில் முகம் மேலே தெரிகிற மாதிரிச் சாய்த்துவைத்து, உதிர்ந்த குங்குமத்தையே தொட்டு அதன் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்தாள். "தொடாம பாத்துக்குங்க" என்றாள். ஸ்டூலில் அவன், கீழே பாயில் அவள், நடுவில் சுண்டல். யாரும் தின்னவில்லை. கூரை சடக்கென்றது. காக்கா போய்விட்டது. வெயில் ஷட்டருக்குக் கீழே நகர்ந்து மிஷின் காலைத் தொட்டது.

திடீரென்று போன் வெளிச்சம் போட்டது. உர்ர்ர் என்று கலசத்தில் மோதிக்கொண்டு நடுங்கியது. சென்னியப்பன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து படித்தான். எடுத்தாகிவிட்டது. கணக்கிலிருந்து தவணை எடுக்கப்பட்டது, மீதி இவ்வளவு. அவ்வளவுதான் சேதி. படிக்கப் படிக்க வெளிச்சம் அணைந்து கண்ணாடி கறுத்தது, பொட்டு மட்டும் தெரிந்தது. வந்துவிட்டுப் போய்விட்டது. கதவு திறந்த சத்தமில்லை, செருப்புக் கழற்றிய சத்தமில்லை. அன்றைக்கு ஏசி ரூமில் கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்தானே, அது இந்தப் பண்டிகை நாளிலும் அத்தனை தூரம் நடந்துவந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறது, அவன் மறந்தாலும் அது மறக்காமல். கேஸ் போயிற்று என்று தெரிந்தும் அவனுக்கு உட்காரத் தோன்றவில்லை. கைகள் எப்போது கூப்பிக்கொண்டன என்றும் தெரியவில்லை. "போயிருச்சுங்களா?" என்றாள் கலாமணி. தலையை ஆட்டினான். அவள் பெருமூச்சு விட்டு எழுந்தாள். பூஜை நாளில் பட்டறைக்கு வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை, தபால்காரரானாலும் சரி, வழி கேட்டு வந்தவரானாலும் சரி. மிச்சமிருந்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்தாள், பொரியும் கடலையும் சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாள், ஒரு துண்டுத் தேங்காயும் போட்டு மடித்தாள். அவன் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.